ஆறு மணிப் பந்தியும் சிவப்புப் புடவையும்

சாரம்,
புதுச்சேரி.
ஆனி 24, செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் இருசப்பன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை அமுதவல்லியின் வீட்டுக்காரன் புருஷோத்தமன் இரு கரம் கூப்பி எழுதிக்கொண்டது. அங்கே தாங்களும், ராஜாம்பாள் அக்காவும், படகும் வலையும், ஒன்பது நாளாகத் தங்கள் வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரியும் சௌக்கியமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் சௌக்கியத்தைப் பற்றி எழுதலாம் என்றால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கப்பலிலிருந்து இறங்கின நாள் முதல் வயிறு என் பேச்சைக் கேட்பதில்லை. டாக்டர் பத்து நாளைக்கு மோர்க்கஞ்சிதான் என்று சொல்லிவிட்டார்.

முதலில் இந்தக் கடிதம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்தில் சாரத்திலிருந்து வீராம்பட்டினத்துக்குக் கடிதம் எழுதுகிறவன் பைத்தியக்காரன் என்று எனக்கும் தெரியும், ஆனால் தங்கள் செல்போனுக்கு இதுவரை நாற்பத்தொரு தடவை போட்டுவிட்டேன், சுவிட்ச் ஆஃப் என்றே அந்தப் பெண் சொல்கிறாள், அமுதவல்லியோ தன் போனை சார்ஜரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள், அது என் தலைமாட்டில் கிடந்து தினமும் காலை ஐந்தரைக்கு அலாரம் அடிக்கிறது, எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. நேரில் வரலாமே என்பீர்கள். இரண்டு தடவை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் வந்தேன் மச்சான், சத்தியமாக வந்தேன், பாலத்தில் ஏறினதும் தங்கள் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, வண்டியைத் திருப்பிவிட்டேன். அதனால்தான் தங்கள் ஊரிலிருந்து தினமும் மீன்கூடையோடு எங்கள் தெருவுக்கு வருகிற பச்சையம்மாள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தங்களுக்குத் தெரியாதது இல்லை, குருசுக்குப்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன் என்று என் அப்பா என்னைக் கடலுக்கு அனுப்பாமல் மில்லுக்கு அனுப்பினார், அங்கே முப்பத்திரண்டு வருஷம் கேன்டீன் சூப்பர்வைசராக இருந்தேன். எங்கள் கேன்டீனில் அன்றைய டோக்கனுக்கு அன்றைக்கே சாப்பிட்டாக வேண்டும், மறுநாள் செல்லாது. காய்ச்சலில் படுத்தவன்கூட டோக்கன் வீணாகிறதே என்று போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நாலு இட்லி தின்றுவிட்டுப் போவான். அந்தப் புத்தி என் ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. அப்படிப்பட்டவனைத்தான் என் மகள் கலையரசி, அப்பாவுக்கு அறுபது முடிகிறதே என்று பெங்களூரிலிருந்து ஆசையாசையாக, சென்னையில் ஏறி இலங்கைப் பக்கம் போய் மூன்றாம் நாள் திரும்பும் கப்பலில் ஏற்றிவிட்டாள். அறையும் சாப்பாடும் அவள் கட்டிவிட்டாள். குடிக்கிற வகையறாதான் பாக்கி. கப்பலில் தண்ணீர் பாட்டில், காபி, ஜூஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பிடிப்பார்களாம், டிரிங்க்ஸ் பேக்கேஜ் என்று ஒன்றை முன்னாலேயே எடுத்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளலாமாம். அதிலும் இரண்டு வகை, ஒன்று வெறும் ஜூஸ் வகையறா, இன்னொன்று பிராந்தி, பீர் எல்லாம் சேர்ந்தது. நான் அம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துக் குடியை விட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது, அதற்குத் தாங்களே சாட்சி, ஆகையால் சின்னதைத்தான் எடுத்திருக்க வேண்டும். பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற எதிர்வீட்டு சொல்தா இராமதாஸ்தான் கெடுத்தார். பெரிய பேக்கேஜ் எடுத்தவனுக்குத்தான் கப்பல்காரன் மரியாதை தருவான், சின்னது எடுத்தவனுக்கு டம்ளரில் முக்கால்வாசி ஐஸைப் போட்டுவிடுவான் என்று, தான் மார்செய் துறைமுகத்தில் கப்பல் ஏறின கதையோடு சேர்த்து ஒரு மணி நேரம் சொன்னார். பெரியதையே கட்டிவிட்டேன். கட்டின பிறகுதான், ஒரே அறையில் ஒருவர் எடுத்தால் மற்றவரும் எடுத்தே தீர வேண்டும் என்று கீழே எறும்பு ஊர்கிற மாதிரி போட்டிருந்ததைப் பார்த்தேன். அமுதவல்லி பேருக்கும் கட்டினேன். தெருவுக்குத் தெரு மலிவாகக் கிடைக்கிற ஊரிலிருந்து கிளம்பிப் போய், நடுக்கடலில் பிராந்திக்குக் காசு கட்டிவிட்டுத் தர்பூசணி ஜூஸ் குடித்த ஒரே ஆம்பிளை நானாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் கப்பல் கிளம்பினது. அதற்கு முன்னாலேயே நான் முதல் டம்ளரை முடித்துவிட்டேன். ஜூஸ் ஊற்றுகிற பையன் என் அட்டையில் ஊர்ப் பேரைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பெரிய கிளாஸாக எடுத்து வைத்தான், தர்பூசணி என்றதும் அவன் முகம் விழுந்துவிட்டது. ஒரு நேரத்துக்கு ஒரு டம்ளர்தான், கால் மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது, அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது, பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகக் கூடாது, நான் எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். சொல்தா போட்டுக்கொடுத்த கணக்குப்படி கட்டின பணம் கழிய வேண்டுமானால் ஜூஸிலேயே நாளைக்குப் பன்னிரண்டு டம்ளர் உள்ளே போக வேண்டும், ஆளுக்கு. சாயந்திரம் ஐந்து மணிக்குள் எனக்கு ஒன்பது ஆகிவிட்டது. தங்கள் தங்கை ஒரே ஒரு எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு, எனக்குத் தண்ணி போதும்ங்க என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை என் நெஞ்சில் எப்படி இறங்கினது என்று எழுத முடியாது. அவள் பங்கில் மூன்றையும் சேர்த்து நானே குடித்தேன், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயமாகத்தான் இருந்தது, வீணாகிறதே என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இனிமேல் எழுதப் போவதுதான் என் குற்றம். கிளம்புவதற்கு முந்தின வாரம் தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து சொன்னதை நான் மறக்கவில்லை. நம் பக்கத்தில் பொம்பளைகள் படகில் ஏறுகிற வழக்கம் கிடையாது. அமுதவல்லி ஐம்பத்தெட்டு வருஷம் கரையில் நின்று கடலைப் பார்த்தவள், கடலில் நின்று கரையை ஒரு நாளும் பார்த்ததில்லை. கப்பல் டிக்கெட் வந்த அன்றைக்கே, தின்பதைப் பற்றியோ குடிப்பதைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நம்ம ஊரு கடல்லேர்ந்து எப்டி தெரியும்னு பாக்கணும் என்று அது ஒன்றைத்தான் சொன்னாள். தாங்கள் உடனே, கப்பல் தெற்கே போகும்போது கரை வலது கைப் பக்கம் இருக்கும், நம் ஊரைத் தாண்டும்போது ஆறு மணியிலிருந்து ஆறரை ஆகும், நான் படகை எடுத்துக்கொண்டு கப்பல் போகிற வழிக்கே வருகிறேன், அம்மாவின் சிவப்புப் புடவையைக் கம்பத்தில் கட்டி ஆட்டுகிறேன், நீ வலது பக்கம் வந்து நில்லு என்றீர்கள். அவள் எழுந்து போய் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் தலையை ஆட்டினேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் மச்சான், கப்பலில் ராத்திரி சாப்பாடு இரண்டு பந்தி. முதல் பந்தி ஆறு மணிக்கு, அதுதான் எங்கள் பேக்கேஜில் சேர்ந்தது. இரண்டாம் பந்திக்கு மாற வேண்டுமானால் ஆளுக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்றான். முதல் பந்தியில் சூப்பு, மீன், கறி, இனிப்பு என்று நாலு தடவை கொண்டுவந்து வைப்பார்கள், போகாவிட்டால் போனதுதான், மறுநாள் செல்லாது. மறுநாள் செல்லாது என்று அவன் சொன்னதும் எனக்கு மில் கேன்டீன் மணி அடித்த மாதிரி ஆகிவிட்டது. அவள் ஐந்தரைக்கே வலது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய், உங்க அண்ணன் சும்மா சொல்வாரு, இவ்வளவு தூரத்துக்கு அந்தப் படகு எங்கேர்ந்து வரும், வா சாப்பிடலாம் என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். அவள் கம்பியை விட்டுவிட்டுக் கரைப் பக்கத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஜன்னலோரமாக மேஜை கொடுத்தார்கள், இடது பக்கம், வெறும் தண்ணீர்தான் தெரிந்தது, இதுவும் கடல்தானே என்று அவளைச் சமாதானம் வேறு செய்தேன்.

அங்கேயும் நிம்மதியாகச் சாப்பிட முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. சூப்பு வந்ததும் அவள் பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனவள் கால் மணி நேரமாகியும் வரவில்லை. மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டான், அது ஆறுகிறது, எனக்கோ மனசு அடித்துக்கொள்கிறது, தலை சுற்றி விழுந்துவிட்டாளோ, வழி தவறிவிட்டாளோ என்று. எழுந்து போய்த் தேடலாம் என்றால் எழுந்த நேரத்தில் தட்டை எடுத்துவிடுவானோ என்று ஒரு பயம். கடைசியில் அவளுடைய மீனையும் நானே தின்றேன். வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது, சூப்பில் மிளகு ஜாஸ்தி போலிருக்கிறது என்று அந்தச் சூப்பையும் நானே குடித்தேன். இதில் இன்னொரு கஷ்டம், மடியில் விரித்துக்கொள்ளக் கொடுத்த வெள்ளைத் துணியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனவள் வெறும் கையோடு வந்து உட்கார்ந்தாள், அதற்கும் காசு பிடிப்பார்களோ என்று இறங்குகிற வரைக்கும் எனக்குத் தூக்கமில்லை. திரும்புகிறபோது நம் ஊரை இருட்டில் தாண்டினோம், ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்ததும், நான் எங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு வரேன் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். இங்கே சொல்தா தினமும் காலையில் வாசலில் நின்றுகொண்டு, இன்னா புருஷோத்தமா, ஆடி பொறக்கறதுக்குள்ளயே பொண்ண அழைச்சிக்கினு போய்ட்டாங்களா என்று கேட்கிறார். கல்யாணமான புதுசில்கூட ஆடிக்கு அவளை விட்டுவிட்டு இருந்தது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை. போதாக்குறைக்கு அவள் போன அன்றைக்கே பச்சையம்மாள் கூடையை இறக்கி வைத்தபடியே சொன்னது: "ஒங்க மச்சான் அம்மாந்தூரம் போயி புடவைய ஆட்டிக்கினே நின்னாராம், கப்பல்லேர்ந்து ஒரு கை கூட அசையலியாம். வெள்ளையா ஒண்ணு வந்து தண்ணியில வுழுந்துச்சாம், கொக்குன்னுட்டாராம்." தாங்கள் வந்திருக்கிறீர்கள் மச்சான். சும்மா சொல்கிறவர் இல்லை தாங்கள். வந்து ஆட்டிக்கொண்டே நின்றிருக்கிறீர்கள், நான் அந்த நேரத்தில் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு நான் வாங்கின வஞ்சிரத் துண்டு இன்னும் ஃபிரிட்ஜில் அப்படியே இருக்கிறது.

தங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அமுதவல்லியை அனுப்பி வையுங்கள். தாங்கள் போனை எடுக்காததும் நியாயம், திட்டினாலும் நியாயம், நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டாலும் பதில் சொல்கிறேன். இனிமேல் இந்தப் பிறவியில் கப்பல் என்று வாயெடுக்க மாட்டேன், பேக்கேஜ் என்கிற வார்த்தையை எங்கே பார்த்தாலும் கண்ணை மூடிக்கொள்வேன், அளவுச் சாப்பாடு போடுகிற கடையில்தான் சாப்பிடுவேன். அவளுக்கு அந்த ஒரு அரை மணி நேரத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. அது எனக்குத் தெரிகிறது. அந்த நினைப்பு வந்தால் கஞ்சிகூட இறங்க மாட்டேன் என்கிறது.

ராஜாம்பாள் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. வருகிற ஆடித் தேர் அலுங்காமல் நிலைக்கு வரவும், தங்கள் படகு போன சுவடும் வந்த சுவடும் நல்லபடியாக இருக்கவும், தங்கள் கோபம் இந்தக் கடிதத்தோடு கரைக்கு ஏறவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தங்கையை ஒன்பது நாளாகக் காணாத,
கு. புருஷோத்தமன்.

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு மடிக்கப் போகிற நேரத்தில் அமுதவல்லியே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள், கையில் ஒரு பை நெத்திலிக் கருவாடு. கடிதத்தை வாங்கிப் படித்தாள். பாதியில் சிரிக்க ஆரம்பித்தவள் கடைசி வரைக்கும் நிறுத்தவில்லை. அவள் பாத்ரூமுக்கே போகவில்லையாம் மச்சான். வலது பக்கத்துக்கு ஓடியிருக்கிறாள். கோயில் கோபுரத்தின் உச்சியைப் பார்த்தாளாம், தென்னை வரிசையைப் பார்த்தாளாம், கடைசியில் தங்கள் படகையும், அம்மா புடவையையும், தாங்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றதையும் பார்த்து, மடித்துணியை ஆட்டோ ஆட்டென்று ஆட்டி, அது கை நழுவிப் பறந்து தண்ணீரில் விழுந்ததாம், தாங்கள் கொக்கு என்று நினைத்தது அதுதான். நேரில் சொன்னால்தான் அண்ணனுக்கு ஆறும் என்று ஊர் வந்த கையோடு அங்கே கிளம்பி வந்திருக்கிறாள். தங்கள் போன் கப்பலைப் படம் பிடிக்கும்போது கடலில் விழுந்துவிட்டதாகவும் சொன்னாள். நாற்பத்தொரு தடவையும் நான் மீனுக்குத்தான் போன் போட்டிருக்கிறேன்.

அப்படியானால் கோபமே இல்லையா, ஏன் ஒன்பது நாள் என்று கேட்டேன். "கோவம் இருந்துச்சு. அவ்ளோ அழகா இருந்துச்சு, நீங்க பாக்கலியேன்னுதான். பாலம் வரிக்கும் வந்து வந்து திரும்பிட்டீங்களாமே, பச்சையம்மா பாத்துட்டு வந்து சொல்லிச்சு, அத்த கேட்டுட்டுதான் நானே வந்தேன்" என்றாள். அவளும் பார்த்திருக்கிறாள், தாங்களும் கப்பலைப் பார்த்திருக்கிறீர்கள், எல்லாவற்றுக்கும் காசு கட்டிவிட்டுப் போன நான் ஒருவன்தான் ஒன்றையும் பார்க்காமல் வந்திருக்கிறேன்.

ஆகவே மேலே எழுதினது எதுவும் செல்லாது என்று வைத்துக்கொள்ளவும். ஆனாலும் நாலு தாள் எழுதியாகிவிட்டது, பச்சையம்மாளிடமும் சொல்லிவைத்தாகிவிட்டது, வீணாக்க மனசில்லாமல் அனுப்புகிறேன். கலையரசிக்கு இப்போதுதான் போன் போட்டேன், மறுபடி அந்தக் கப்பல் எப்போது என்று கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை பேக்கேஜ் கிடையாது, புளிச்சோறு கட்டிக்கொண்டு போக விடுவார்களா என்று விசாரிக்கிறாள். விடாவிட்டாலும் பரவாயில்லை, ஐந்து மணிக்கே வந்து வலது பக்கம் நானும் நிற்கிறேன். அந்தச் சிவப்புப் புடவையை மட்டும் பழந்துணியில் போட்டுவிட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லவும்.