எட்மண்டனை வென்ற கரிபூ முனை

உலகத்தில் துன்பம் படைக்கப்பட்டதே, அதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான். துன்பமே இல்லாத நாட்டில் குழுவினர் எங்கே போய் இறங்குவார்கள், யாரைக் கேள்வி கேட்பார்கள், எந்த ஊர் மீனைத் தின்றுவிட்டு அறிக்கை எழுதுவார்கள்? இந்த மகத்தான உண்மையை உணர்ந்த அரசாங்கம், வடக்கே ஏரிக்கரையில் கொஞ்சம் வீடுகளோடு உறைந்து கிடந்த கரிபூ முனைக்கு, 'தொலைநிலக் குளிர்வாழ்வு, பெருநகர வாழ்வு ஒப்பீட்டு உயர்மட்டக் குழு'வை அனுப்பி வைத்தது. உயர்மட்டம் என்று ஏன் பெயர் என்றால், அவர்கள் விமானத்தில் வந்தார்கள்.

வேறு வழியில் வரவும் முடியாது. நவம்பர் மாதம். ஏரி, படகு விட முடியாத அளவுக்கு உறைந்திருந்தது. லாரி விடுகிற அளவுக்கு இறுகவில்லை.

குழுவின் வேலை எளிது. கரிபூ முனை வாழ்க்கையையும் தெற்கே தொலைவில் இருக்கிற எட்மண்டன் மாநகர வாழ்க்கையையும் தராசில் வைத்து நிறுக்க வேண்டும். கரிபூ முனை இளைத்திருந்தால் ஊருக்கு ஒரு மருத்துவச்சி கிடைப்பாள். கொழுத்திருந்தால் வாழ்த்து கிடைக்கும்.

ஊராட்சிச் செயலாளர் நோர்பெர்ட் மாண்டெவிலுக்கு வாழ்த்து வேண்டாம், மருத்துவச்சிதான் வேண்டும். அவன் மனைவி ஸெலினுக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஊரில் பிரசவம் பார்க்க ஆள் கிடையாது. ஆகவே நாள் நெருங்கும் முன்பே பெண்களை விமானம் ஏற்றி எட்மண்டனுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். தனியாக. கணவனுக்கு டிக்கெட் கொடுக்க விதியில் இடமில்லை. குழந்தை உண்டாவதற்கு அவன் ஒத்துழைப்பு தேவைப்பட்டிருக்கலாம், பிறப்பதற்குத் தேவையில்லை என்பது துறையின் துணிபு.

நோர்பெர்ட் ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டான்.

"இதோ பாருங்க, ரெண்டே நாள்தான். எதைக் கேட்டாலும் அழுவுங்க. கஷ்டம், நரகம், செத்துக்கிட்டிருக்கோம்னு சொல்லுங்க. எவனாவது பெருமை பேசினீங்க, அப்புறம் என் முகத்துல முழிக்காதீங்க."

ஸெலினின் அண்ணன் அல்ஃபோன்ஸ் கையைத் தூக்கினான். விமான ஓடுபாதையில் பனி தள்ளுகிறவன். ஊரிலேயே நல்ல மீன்பிடிகாரன்.

"மாப்ளே, மீன் எப்படின்னு கேட்டா?"

"நாறுதுன்னு சொல்லு மச்சான்."

கூடம் கொந்தளித்தது. "நம்ம ஏரி மீனையா?" என்றான் அல்ஃபோன்ஸ். "என் வாயால எப்படிச் சொல்லுவேன்? வேணும்னா என்னைப் பத்திக் கேவலமாச் சொல்றேன்."

"உன்னைப் பத்தி அவங்களே தெரிஞ்சுக்குவாங்க. மீன் நாறுது. அவ்ளோதான்."

குழு வந்திறங்கியது. தலைவர் டாக்டர் பிராட்வெல். மருத்துவ டாக்டர் அல்ல, ஒப்பீட்டியல் டாக்டர். தாம் ஒரு பல்துறை அறிஞர் என்று ஓடுபாதையிலேயே அறிவித்தார். பணி நிமித்தம் இவ்வளவு பனிக்குள் அவர் வந்தது அதுவே முதல்முறை. எட்மண்டனிலும் பனி உண்டுதான். ஆனால் அங்கே பார்ப்பதற்கு ஜன்னலும் அள்ளுவதற்கு ஆளும் இருக்கிறது. அவருடைய உதவியாளர் ஓர்லா, கையில் ஒரு மின்பலகையோடு, அவர் சொல்வதையெல்லாம் விரலால் தட்டிக்கொண்டே வந்தாள்.

விசாரணை ஊராட்சி அலுவலகத்தில் தொடங்கியது.

"போக்குவரத்து நெரிசல்?" என்றார் பிராட்வெல்.

"ரோடே கெடையாது சார்," என்றான் நோர்பெர்ட், குரலில் முடிந்தவரை சோகத்தைச் சேர்த்து.

"நெரிசல், பூஜ்யம். எட்மண்டன் தோத்துச்சு. ஆஸ்பத்திரில எவ்வளவு நேரம் காத்திருப்பீங்க? நாங்கல்லாம் அங்கே நாற்காலிலயே தூங்கி எழுந்திருப்போம்."

"ஆஸ்பத்திரியும் இல்லை சார். வானிலை சரியா இருந்தா ஒரு நர்ஸ் வருவாங்க. ஒரு மாசமா சரியில்லை."

"அப்போ காத்திருப்பு?"

"எங்கே போய்க் காத்திருக்கிறது?"

"காத்திருப்பு, பூஜ்யம்," என்று பிராட்வெல் உணர்ச்சிவசப்பட்டார். ஓர்லா தட்டினாள்.

கடைக்கு அழைத்துப் போய், சுருங்கிக் கறுத்த முட்டைக்கோஸைக் காட்டினான் நோர்பெர்ட். "இது செப்டம்பர்ல வந்தது சார்."

"எங்க ஊர்ல ஒரு வாரத்துல அழுகிடும். 'நீடித்து நிலைக்கும் காய்கறி'ன்னு போடும்மா."

கடைசி நம்பிக்கை அல்ஃபோன்ஸ். மீனைப் பற்றிக் கேட்டார்கள். அவன் எழுந்து நின்றான். முகம் சிவந்தது. "நாறு..." என்று தொடங்கினான். மறுபடி, "நாறு..." என்றான். பிறகு அணை உடைந்தது.

"எங்க ஏரி மீனை வறுத்து வச்சா, செத்தவன் எழுந்து உக்காந்து இன்னொரு துண்டு கேப்பான் சார்!"

நோர்பெர்ட் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஒப்பீடு என்று வந்தவர்கள் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்களோ அதற்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை குழுவைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனான். ஸெலின் பொய் சொல்ல மாட்டாள், வார்த்தையை மெல்லவும் மாட்டாள் என்பது அவன் கணக்கு.

"எங்க சித்தி பொண்ணு போன வருஷம் பிரசவத்துக்குப் போனா," என்றாள் அவள். "ஒரு மாசத்துக்கு மேல விடுதி ஜன்னல்ல உக்காந்து, கார் நிறுத்துற இடத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. வலி வந்தப்போ கையைப் புடிச்சுக்க ஒரு ஆளில்லை. டிவி ரிமோட்டைப் புடிச்சுக்கிட்டாளாம்."

பிராட்வெல் கண்களை மூடித் தலையாட்டினார். "அற்புதம். நகரத்துல பொம்பளைங்க இதுக்குக் காசு சேர்க்கிறாங்கம்மா. 'தனிப்பயணம்'னு பேரு. 'தன்னைத் தானே கண்டடைதல்'. உங்களை அரசாங்கமே அனுப்புது."

மேசைமேல் மெல்ல எளிதான, காயவைத்த மூஸ் மான் கறி இருந்தது. ஸெலின் அதை நகர்த்திவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளியே கொட்டகைக்குப் போய், மைனஸ் இருபது டிகிரிக் குளிரில் விறைத்திருந்த ஒரு துண்டை எடுத்து வந்தாள்.

"இதை நல்லாக் கடிச்சுச் சாப்பிடுங்க சார். விருந்தாளிக்குன்னே வச்சிருந்தது."

அந்தக் குரலை நோர்பெர்ட் அறிவான். அறிந்தும் தடுக்கவில்லை.

ஒரு சத்தம் கேட்டது. ஏரிப் பனி விரிசல் விடுகிற மாதிரி, ஆனால் சிறியதாக. பல்துறை அறிஞரின் அறிவு முழுவதும் அந்த நொடியில் ஒரே துறையில், ஒரே கடைவாய்ப் பல்லில் வந்து குவிந்தது.

அவர் போட்ட கூச்சலில் நாய்கள் ஊளையிட்டன. அல்ஃபோன்ஸ் ஒரு குறடோடு ஓடிவந்தான். "ஸ்னோமொபைல் செயின் கழட்டுறதுதான். ஆனா துடைச்சிருக்கேன்." பிராட்வெல் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயைத் திறக்க மறுத்தார்.

ஓர்லா யாருக்கோ போன் செய்தாள். பிற்பகலிலேயே மேகத்தைக் கிழித்துக்கொண்டு சிறப்பு விமானம் ஒன்று இறங்கியது. நோர்பெர்ட் வானத்தை அண்ணாந்து பார்த்தான். நர்ஸ் வர முடியாமல் ஒரு மாதமாக இருந்த அதே வானம்தான்.

குழுவின் பெட்டிகளை நோர்பெர்ட் ஸ்னோமொபைலின் பின்னால் இழுக்கும் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஸெலின் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நோர்பெர்ட். பனிக்குடம் உடைஞ்சிருச்சு."

பெட்டிகளைக் கீழே தள்ளிவிட்டு அவளைச் சறுக்குவண்டியில் படுக்க வைத்து ஓடுபாதைக்குப் பறந்தான். விமானி கையை நீட்டி மறித்தான்.

"அனுமதி குழுவுக்கு மட்டும்தான்."

"குறைமாசம்! பார்க்க ஆளில்லைய்யா இங்கே!"

ஓர்லா தயங்கினாள். "ஆய்வு நடக்கும்போது ஆய்வுக்குட்பட்ட நபரை இடம் மாத்தினா முடிவு கெட்டுப்போகும்..."

அவள் முடிப்பதற்குள் ஸெலின் படியேறி, குழுத் தலைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டாள்.

"கெட்டுப்போகட்டும். என்னை இறக்கணும்னா ரெண்டு உயிரைத் தூக்கணும். இங்கே யாருக்கு முதுகு நல்லா இருக்கு?"

யாருக்கும் நன்றாக இல்லை. நோர்பெர்ட் பின்னாலேயே ஏறப் போனான். எடை தாங்காது என்றான் விமானி. அல்ஃபோன்ஸ் கொண்டுவந்து சேர்த்திருந்த குழுவின் கருவிப் பெட்டிகளின் எடை மட்டும் தாங்கியது. கதவு மூடியது. நீட்டிய கையோடு அவன் ஓடுபாதையில் நின்றான். பெட்டிகள் எட்மண்டனுக்குப் பறந்தன.

மறுநாள் அலுவலகத்தில் போன் அடித்தது.

"பொண்ணு," என்றாள் ஸெலின். "ரொம்பச் சின்னதா இருக்கா. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. பிழைச்சுக்குவான்னு சொல்றாங்க."

நோர்பெர்ட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "கையைப் புடிச்சுக்க ஆள் இருந்துச்சா?" என்று கேட்டான்.

"விமானத்துல பக்கத்துல இருந்த அந்தப் பல்லு போன ஆளு கைதான். என்னைவிட அவருதான் சத்தமாக் கத்தினாரு. ரெண்டு விரல் வீங்கிப்போச்சாம்."

பிறகு யாரோ போனைக் குழந்தையிடம் நீட்டினார்கள். பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை கேட்டது. அந்தப் பக்கம் மகள் அழுதாள். இந்தப் பக்கம், ஊராட்சியின் முத்திரைகளுக்கு முன்னால், அவன் அழுதான்.

வசந்த காலத்தில், ஸெலினும் குழந்தையும் ஊர் திரும்பியிருந்தபோது, முடிவு அறிவிக்கப்பட்டது. ஊர்க்கூடத்துத் திரையில் டாக்டர் பிராட்வெல் தோன்றினார், புதிய பல்லோடு.

"எல்லாப் பிரிவிலும் கரிபூ முனை எட்மண்டனைத் தோற்கடிச்சிருக்கு!"

அல்ஃபோன்ஸ் தன்னை மறந்து விசிலடித்தான். நோர்பெர்ட் முறைத்ததும் பாதியில் விழுங்கினான்.

"அவசர மருத்துவ உதவி: மிகச் சிறப்பு. நானே அனுபவிச்சேன், கூப்பிட்ட அன்னிக்கே விமானம்! இன்னொண்ணு கேளுங்க. இந்த ஊர்ல முப்பது வயசுக்குக் கீழே இருக்கிற எல்லாருமே எட்மண்டன்ல பிறந்தவங்க. ஒருத்தர் விடாம அந்த நகரத்தை உதறிட்டு, கைக்குழந்தையா இருக்கும்போதே இங்கே குடியேறியிருக்காங்க! இதைவிட ஒரு ஊருக்கு என்ன நற்சான்று வேணும்? இந்தக் குடியேற்றம் தடைபடக் கூடாதுன்னா, இங்கே பிரசவ வசதி எதுவும் செய்யவே கூடாதுன்னு குழு ஒருமனதாப் பரிந்துரைக்குது."

கூடத்தில் யாரும் கைதட்டவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸெலின் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர், பல்லு எப்படி இருக்கு?"

"பிரமாதம்மா, பிரமாதம்."

"சந்தோஷம். எங்களுக்கு மருத்துவச்சி வேணாம் சார், விட்டுடுங்க. ஜூன் மாசம் எங்க சித்தி பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம். அந்த நேரம் பார்த்து இன்னொரு குழு அனுப்பி வைங்க. பல்லு கொஞ்சம் ஆடுற ஆளா இருந்தா நல்லது. கறியை நாங்க உறைய வச்சுத் தயாரா வச்சிருக்கோம்."