வரலைன்னா டாக்டர்

அவநம்பிக்கைக்கு யாராவது கோயில் கட்டினால், கருவறையில் உட்கார வைக்க வேண்டியவர் எங்கள் வரலைன்னா டாக்டர். திருவண்ணாமலைக்கு மனிதர்கள் அமைதி தேடி வருகிறார்கள். ஆசிரமத்துப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் குடிவந்த இவரோ, ஊரில் இருந்த கொஞ்சநஞ்ச அமைதியையும் கெடுத்துவிட்டுப் போனார்.

டாக்டர் என்று கேள்விப்பட்டதும் எதிர்வீட்டு அம்மாள் முட்டிவலிக்கு மருந்து கேட்டு மாடி ஏறினார். நான் அந்த டாக்டர் இல்லை என்று சொன்னவர் அதோடு விட்டிருக்கலாம். இப்போது சாப்பிடும் மாத்திரை எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து, "அது வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டார். முட்டிவலியோடு ஏறிய அம்மாள் படபடப்பையும் சேர்த்துக்கொண்டு இறங்கி வந்தார். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு செய்கிற ஆராய்ச்சி அவருடையது. ஏதோ ஒரு வெளியூர்ப் பல்கலைக்கழகம் கொடுத்த தற்காலிக வேலை. ஓர் ஊருக்கு அரிசி, தண்ணீர், கேஸ் எல்லாம் எந்த வழியாக வருகிறது, எவ்வளவு செலவாகிறது, வழியில் ஒன்று அறுந்தால் ஊர் தாங்குமா என்பதுதான் விஷயம். கம்ப்யூட்டருக்குள் எங்கள் ஊரையே கட்டி வைத்து, தினமும் உடைத்து உடைத்துப் பார்ப்பார். இதை என் மனைவி செல்விக்கு ஒரு சாயங்காலம் முழுக்க விளக்கினார். அவளும் பொறுமையாகக் கேட்டாள்.

"பட்டம் வாங்கியாச்சுன்றீங்க, இன்னும் படிக்கிறேன்றீங்க. பெயிலாயிட்டீங்களா தம்பி?"

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதையேதான் கேட்டார்களாம். கேட்டது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

பால்காரர் சில நாள் பொறுத்துப் பார்த்தார். வண்டி பஞ்சரானால், பால் திரிந்தால், உங்களுக்கே ஜுரம் வந்தால் என்று காலங்கார்த்தாலே கேட்டால் எந்த மனிதன் தாங்குவான்? அவர் எங்கள் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். செல்வி கடுங்காப்பியைக் கொண்டுபோய் டாக்டர் முன்னால் நங்கென்று வைத்து, இதுக்குக் காரணம் நீங்கதான் என்றாள். கேள்வி கேட்கிறவனும் ஒரு தடைதான் என்று அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார் மனிதர். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

பௌர்ணமிதோறும் நானும் சில நண்பர்களும் அடி அண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களுக்குச் சாம்பார் சாதம் போடுகிறோம். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரே வேனில் அரிசி வரும். ஒரே வேன் என்று கேட்டதுமே டாக்டருக்கு வேர்த்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் அண்டாதான் அவருடைய ஆராய்ச்சி. இந்த மாசம் சோறு நிற்கும் என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு மாசமும் சொல்லும். டிரைவர் வராவிட்டால் அவர் மச்சான் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவான். விறகு நனைந்தால் எவனாவது சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருவான். சோறு நிற்கவே இல்லை. சாதம் நல்லா இருக்குங்க என்று டாக்டர் சொல்வார், துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில்.

அவர் துக்கத்துக்குக் காரணம் இருந்தது. டிசம்பரோடு வேலை முடிகிறது. நிஜமாகவே ஒரு தடை வந்து, அதைக் கம்ப்யூட்டர் சரியாகச் சொன்னது என்று காட்டினால்தான் வேலையை நீட்டிப்போம் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். இவர் கையை வைக்காமல் பக்கத்தில் நின்று பார்த்து எழுத வேண்டும்.

"நல்லா இருக்குற ஊருக்குக் கெட்டது நடக்கணும்னு வேண்டிக்கிற பொழப்பு சார் இது" என்றார் என்னிடம்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு அது நடந்தது. விடாத மழை. ஏரி நிரம்பிக் கோடி போய், வழிந்த தண்ணீர் ரோட்டுமேல் ஓடியது. வேன் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. போனில் செய்தி வந்ததும் டாக்டர் சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். லேப்டாப்பைத் திறந்துகொண்டு பந்தல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மழையிலும் ஜனம் நடந்துகொண்டுதான் இருந்தது. தோளில் தூங்கும் குழந்தையோடு, தொப்பலாக நனைந்த ஒரு பெண் காலி அண்டாவைப் பார்த்தாள். நாற்காலியில் இருப்பவர்தான் பொறுப்பானவர் என்று நினைத்து அவரிடம் போய், "சாப்பாடு எப்பங்க வரும்?" என்று கேட்டாள். டாக்டர் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"டாக்டர், சும்மா உக்காருங்க. உங்க வேலையே இதுலதான் இருக்கு" என்றேன். அந்த நிமிஷம் பசித்த ஜனத்தைவிட இந்த மனிதர்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தார்.

அவர் லேப்டாப்பை மூடிவிட்டுப் போனை எடுத்தார். ஊர் முழுக்கக் கேட்டுக் கேட்டு வதைத்தவர் அல்லவா, யாரிடம் என்ன இருக்கும் என்று தெரியும். செங்கம் ரோட்டு கஃபேக்காரர் ரவை மூட்டையை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். இவர் பயமுறுத்தின பயமுறுத்தலில் ஜாஸ்தியாக வாங்கி வைத்ததாம். லாட்ஜ்காரர் வீட்டிலும் அதே கதை, எண்ணெய் டின்னும் சிலிண்டரும் வந்தன. ஊரே திட்டிக்கொண்டே கொடுத்தது. உப்புமா வெந்ததும் அந்தப் பெண்ணுக்கு முதல் தட்டை டாக்டர்தான் கொடுத்தார்.

வேறு யாரோ ஏற்பாடு செய்ததாக எழுதிவிடுங்கள் என்று நானும் செல்வியும் மன்றாடினோம். மனிதர் கேட்கவில்லை. "பொய்யா எழுதினா, அதை நம்பி இன்னொரு ஊர்ல பசியோட உக்காந்திருப்பாங்க சார்" என்றார். அரிசி வரவில்லை, யாரும் பட்டினி இல்லை, காரணம் ஆராய்ச்சி செய்ய வந்தவன் என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். இது எதற்கும் உதவாது என்று பதில் வந்தது. வேலை போயிற்று. வேறு இடங்களுக்குப் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதிலே இல்லை.

அதற்கப்புறம் அவர் கீழே இறங்குவதே கம்மியாகிவிட்டது. செல்வி கொண்டுபோன தட்டு பாதி அப்படியே திரும்பும். ஒருநாள் அவளிடம் சொன்னாராம். "எது வரலைன்னாலும் ஒரு வழி யோசிச்சு வச்சிருந்தேன்க்கா. எனக்கு வேலை வரலைன்னா என்னன்னு மட்டும் யோசிக்கல."

ஊருக்குக் கிளம்பின அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு வரை நான் போனேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், பழக்கதோஷத்தில் கேட்டார்.

"பஸ் வரலைன்னா என்ன சார் பண்றது?"

"என்ன பண்றது? பேசாம மாடிக்கு வந்துடுங்க. செல்வி உங்களுக்கும் சேர்த்துத்தான் உலை வச்சிருக்கா."

எங்கள் ஊரில் எந்த பஸ் நேரத்துக்கு வந்திருக்கிறது? அன்றைக்குப் பார்த்து அந்தப் பாழாய்ப்போன பஸ் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது.