ஓஸ் பைப் அண்ணனின் மீசையும் மூச்சு வாங்கிய வேனும்

மதுரை வட்டாரத்தில் இருமிய டீசல் எஞ்சின்கள் அத்தனையும் ஒருமுறையாவது ஓஸ் பைப் அண்ணனின் காதுக்குள் இருமியிருக்கின்றன.

திருப்பரங்குன்றம் சாலையில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தே தீர வேண்டும். நான் விசாரித்தவரை யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயில் ஒரு துண்டு எப்போதும் அவர் கழுத்தில் கிடக்கும். ஒரு நுனி காதில், மறுநுனி எஞ்சினில். டர்போ டீசல் என்றால் உயிர். "காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுறதுதான்யா டர்போ. எம்புட்டுச் சோறு போட்டாலும் மூச்சு இல்லாதவன் மலை ஏறுவானா?" என்பார். பெட்ரோல் வண்டியோடு வருபவர்களிடம் துக்கம் விசாரிக்கும் குரலில் பேசுவார்.

வெறும் வண்டியில் இழுவை தெரியாது என்பது அவர் கொள்கை. ஆகவே பக்கத்து டீக்கடையில் இருப்பவர்களைப் பாரமாக ஏற்றிக்கொண்டு பாலத்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பார். "சார், நீங்க ஏறுங்க. நீங்க ரெண்டு மூட்டைக்குச் சமம்" என்று ஒரு கணக்கு வாத்தியாரை அழைத்தார். வாத்தியார் கோபித்துக்கொண்டு ஏறினார். ஆனால் ஏறினார்.

நான் சொல்ல வந்தது ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் நடந்தது. வீட்டில் பொரி நமத்துப் போகத் தொடங்கியிருந்ததால் காலக்கணக்கில் பிழையில்லை. அந்த வருஷம் பூஜை ஐப்பசியில் வந்தது; புரட்டாசி முடியக் காத்திருந்த கல்யாணங்கள் பின்னாலேயே வந்துவிட்டன. வாடகை வேன் ஓட்டும் செல்வத்தின் வண்டி மறுநாள் காலை கொட்டாம்பட்டியிலிருந்து பெண் வீட்டாரைத் திருப்பரங்குன்றம் கோயிலுக்கு ஏற்றி வர வேண்டும். அந்த வேனோ சைக்கிளுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தது.

"பூஜை போட்டதுலருந்து பிக்கப்பே இல்லண்ணே. மிதிச்சா கரும்புகை தள்ளுது" என்றான் செல்வம்.

"என் கைப்பட பூஜை போட்ட வண்டி. நாளைக்குக் கழுகு மாதிரிப் போகும். பொழுது சாயுறதுக்குள்ள கோளாறைக் கண்டுபிடிக்கலேன்னா இந்த மீசையை எடுத்துர்றேன்!" என்றார் அண்ணன்.

தெருவே திகைத்தது. அது சாதாரண மீசை அல்ல. அதன் முனையில் எலுமிச்சம்பழம் நின்றதைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் உண்டு. மதியம் அவரே சலூன்காரருக்கும் சொல்லி அனுப்பினார். மனிதர் கத்தி, கிண்ணத்தோடு வந்து முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் டீசல் ஃபில்டரை மாற்றினார். டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. ஓஸை வைத்துக் கேட்டார். நின்ற இடத்தில் எஞ்சின் குழந்தை போல மூச்சு விட்டது. கணக்கு வாத்தியார் உட்பட ஒன்பது பேரோடு பாலத்தில் ஏற்றியதும் நின்றுவிட்டது. ஒன்பது பேரும் இறங்கித் தள்ளினோம். நான் மூன்றாவது ஆள்.

வெயில் இறங்கியது. நான் மெதுவாகக் கேட்டேன்: "அண்ணே, காத்து உள்ள போற வாயைப் பாத்தீங்களா?"

"அங்க பூஜை போட்டு முடிச்சிருக்கு. அடுத்த அமாவாசை வரைக்கும் கைவைக்கக் கூடாது."

கடைசி முயற்சியாக வண்டியில் உட்கார்ந்து எஞ்சினை அலற விட்டார். சலூன்காரர் சலிப்பாக எழுந்து வேனின் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அண்ணே, இந்த மஞ்சத் துணி நீங்க மிதிக்கும்போது உள்ள போகுது, விட்டா வெளிய வருதுண்ணே!"

கண்ணேறு படாமலிருக்க எலுமிச்சையை முடிந்து அண்ணன் கட்டிய துணி. யாரும் திருடிவிடாதபடி வண்டியின் முன்பக்கக் கம்பித் தடுப்புக்குள்ளே, காற்று போகும் வாயருகிலேயே கட்டியிருந்தார். மிதிக்கும்போதெல்லாம் துணி உறிஞ்சப்பட்டு வண்டியின் வாயைப் பொத்தியது.

செல்வம் துணியை அறுத்தான். வேன் பாலத்தில் வாத்தியாரோடு பறந்தது. நாங்கள் கைதட்டினோம். அண்ணன் கைதட்டவில்லை. நேரே போய் முக்காலியில் உட்கார்ந்தார்.

"எடுடா."

"அதான் கண்டுபிடிச்சாச்சேண்ணே!"

"கண்டுபிடிச்சது நீயி. கண்ணை மறைச்சது நான் கட்டுன துணி. எடு."

"எனக்குக் கை நடுங்குதுண்ணே. வேற ஆளைப் பாருங்க."

"மாப்ள, நடுங்குனா அறுத்துரும். நடுங்காம எடு."

எடுத்தார். சலூன்காரர்தான் அழுதார். மறுநாள் பெண் வீட்டார் முகூர்த்தத்துக்கு முன்பே வந்து இறங்கினார்கள். அண்ணனை அவர் வளர்த்த நாயே குரைத்து விரட்டியது.

மீசை இப்போது பழையபடி வளர்ந்துவிட்டது. என் காரில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவ்வப்போது, "இழுவை கொஞ்சம் கம்மியா இருக்குண்ணே" என்று போய் நிற்கிறேன். பொய் என்று அவருக்கும் தெரியும். எஞ்சினைக் கேட்டு முடித்து, ஓஸின் நுனியை என் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார்.

"ஓடும்யா, பயப்படாதீக" என்பார். நானும் வீட்டுக்கு ஓட்டி வருவேன்.