வால் இல்லாத வரிசை

எங்களுடையது ஓட்டுநர் உரிமம் புதுப்பித்துக் கொடுக்கும் அலுவலகம். அங்கே நான்கு கவுன்ட்டர்கள். நான்காவது கவுன்ட்டரின் கம்ப்யூட்டர் பழுது. பழுது என்று நாங்கள் எழுதிய கடிதமும் பழுப்பேறிவிட்டது. மற்ற மூன்றிலும் ஆள் உண்டு. முதலாவதில் அக்கா. எங்களில் வயதில் மூத்தவர் அவர்தான், வேகத்தில் இளையவரும் அவர்தான். இரண்டாவதில் பசை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பதால் வந்த பெயர். மூன்றாவதில் நான்.

மூன்று பேர் வேலை செய்தும் வரிசை மாடிப்படி வரை நிற்கும். அதைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. சொல்ல வந்தவரும் அந்த வரிசையில் நின்றுதான் சொல்லியாக வேண்டும்.

தலைமை அலுவலகத்திலிருந்து வருடத்துக்கு ஒரு புதுக் கொள்கை வரும். போன வருடம் ‘புன்னகைச் சேவை’. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும்போது பல் தெரிய வேண்டும் என்று உத்தரவு. அதற்கு முந்தின வருடம் ‘காகிதமில்லா அலுவலகம்’. அதை அறிவிக்க மட்டும் பதினோரு கட்டுக் காகிதம் செலவானது. இந்த வருடம் வந்தது ‘விரிசிந்தனை’.

“ஒரு பிரச்சினைக்கு ஒரே தீர்வு என்னும் குறுகிய போக்கை அறவே கைவிட்டு, நூறு தீர்வுகளைப் பல கோணங்களில் சிந்தித்து, வரிசையின் நீளத்தை ஒரு மாதத்துக்குள் குறைத்து, அளந்து, அறிக்கை அனுப்புமாறு இதன்மூலம் பணிக்கப்படுகிறது.”

எங்கள் இயக்குநரைப் பெரிய சார் என்போம். அவர் அந்தச் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். ‘அளந்து’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். அன்று சாயங்காலமே முப்பது மீட்டர் டேப் ஒன்று வாங்கப்பட்டது.

மறுநாள் ஒரு பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். கையில்லாத கோட்டு, கழுத்தில் விசில், பை நிறைய வண்ண வண்ண ஒட்டுச்சீட்டுகள். எங்களை வட்டமாக உட்காரவைத்து, மேஜையிலிருந்த ஸ்டாம்ப் பேடைத் தூக்கிக் காட்டினார்.

“இதை எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம்?”

“ஸ்டாம்ப் குத்தலாம்” என்றார் பசை.

பல்வலி வந்தவர்போலப் பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டார். “முதல்ல தோணுற பதில் பதிலே இல்லை. அது பழக்கம். மனசைத் திறங்க.”

மனதைத் திறந்தோம். அக்கா, தலையணையாக வைத்துக்கொள்ளலாம் என்றார். வாசல் காவலர், எலிக்கு மையிட்டு விட்டால் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்றார். அவருக்குப் பலத்த கைதட்டல். பெரிய சார் எழுந்து போய்க் கைகுலுக்கினார்.

பிறகு வரிசைப் பிரச்சினைக்கு வந்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

“சார், நாலாவது கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்ணி, நாலு கவுன்ட்டரையும் திறந்துட்டா…”

பயிற்சியாளர் அதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதினார். மேலே ‘முதல் பதில்’ என்று தலைப்பிட்டார். எல்லாரும் பார்க்கும்படி நிதானமாகக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

“இதான் குறுகின சிந்தனை. சாருக்கு நன்றி. நல்ல உதாரணம் கொடுத்தார்.”

நூறு தீர்வு என்றால் சும்மா கிடைத்துவிடாது. அதற்கென்று முழுநேரக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் பெரிய சார். ஆலோசகர் பயிற்சியாளர். உறுப்பினர்கள் அக்காவும் பசையும். குறுகிய சிந்தனையுள்ளவன் என்பதால் என்னைக் கவுன்ட்டரிலேயே விட்டுவிட்டார்கள்.

மூன்று கவுன்ட்டர் ஒன்றானதும் வரிசை மாடிப்படி இறங்கி, வாசல் தாண்டி, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்க மருந்துக்கடைக்குள் நுழைந்தது. இதைக் கண்ட பெரிய சார், “பார்த்தீங்களா, பிரச்சினை எவ்வளவு தீவிரமா இருக்கு! இந்த நேரத்துலயா குழுவைக் கலைக்கிறது?” என்று கேட்டார். யாரும் கலைக்கச் சொல்லவில்லை. இருந்தாலும் கேட்டார்.

மேல்மாடி அறையில் குழு சிந்தித்தது. டீயும் பிஸ்கட்டும் போய்க்கொண்டே இருந்தன. அவ்வப்போது ஒரு தீர்வு கீழே இறங்கி வரும்.

வரிசை என்ற சொல்லைக் கோப்புகளில் ‘காத்திருப்போர் சங்கமம்’ என்று மாற்றினார்கள். சங்கமத்துக்கு நீளம் கிடையாது என்பது வாதம். டேப் ஒத்துக்கொள்ளவில்லை. நிற்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று என் பக்கத்துச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டினார்கள். அரை மணி நேரத்தில் கண்ணாடிக்குத் தனி வரிசை ஒன்று நின்றது. அதில் நின்ற ஒருவர் சாயங்காலம் என்னிடம் வந்து, “அந்தக் கவுன்ட்டர் ஆள் நான் என்ன சொன்னாலும் அதையேதான் சொல்றார் சார்” என்று வருத்தப்பட்டார்.

மூன்றாவது வாரம்தான் பசைக்கு ஞானம் பிறந்தது.

“வரிசையை எப்படி அளக்கறோம்? கவுன்ட்டர்லேருந்து கடைசி ஆள் வரைக்கும். கடைசி ஆள்னு ஒருத்தரே இல்லேன்னா?”

பெரிய சாருக்குக் கண் கலங்கிவிட்டது என்று அக்கா பிறகு சொன்னார்.

காத்திருப்புக் கூடத்தின் தரையில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் வரைந்தார்கள். இருநூறு பேர் அதன்மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் அது வரிசை. நகர்ந்தால் அது ஓட்டம் என்று பயிற்சியாளர் விளக்கம் கொடுத்தார். வட்டத்தின் ஓரத்தில் என் ஜன்னல். ஒருவர் என்னைக் கடக்க மூன்று எட்டு ஆகும். அதற்குள் முடிகிற வேலையை முடிக்க வேண்டும். முதல் சுற்றில் விண்ணப்பம், இரண்டாம் சுற்றில் பழைய உரிமம், மூன்றாம் சுற்றில் போட்டோ, நான்காம் சுற்றில் கைரேகை. காவலரிடம் பயிற்சியாளரின் விசில் கொடுக்கப்பட்டது.

தலைமை அலுவலகத்து அளவை அதிகாரி வந்தார். டேப்பின் நுனியை என் ஜன்னலில் மாட்டிவிட்டு, “கடைசி ஆள் யாருங்க?” என்று கேட்டார். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவரைக் காட்டினார். அவர் மூன்று சுற்று நடந்தார். டேப் அவர் காலையே சுற்றிக்கொண்டது. காலை விடுவித்துக்கொண்டு, ‘வரிசையின் நீளம்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மக்கள் முதலில் திட்டினார்கள். பிறகு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு நடந்து நடந்து சர்க்கரை இறங்கிவிட்டது. உரிமம் வாங்கிய பிறகும் அவர் மறுநாள் வந்தார். கூட்டாளிகளையும் அழைத்து வந்தார். வெயிலில்லை, நாய் இல்லை, வழவழப்பான தரை, தலைக்கு மேலே மின்விசிறி. ஒரே வாரத்தில் வட்டத்தில் பாதிப் பேர் வண்டியே ஓட்டத் தெரியாதவர்கள். ஜன்னலைக் கடக்கும்போது எனக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். ‘சேவை பெற்றோர் எண்ணிக்கை நான்கு மடங்கு’ என்று பெரிய சார் அறிக்கை அனுப்பினார்.

வட்டத்துக்குள் இடம் கிடைக்க மற்றவர்கள் தெருவில் வரிசையாக நின்றார்கள். அது அலுவலகத்துக்கு வெளியே என்பதால் அதை அளக்கும் பொறுப்பு எங்களுடையதல்ல.

அந்தத் தெரு வரிசையில்தான் ஒரு திங்கட்கிழமை அந்த வேன் டிரைவர் அம்மா வந்து நின்றார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, மறுபடி ஏற்றப் போகும் வரை நிற்பார். மூன்று நாள் நின்றும் உள்ளே இடம் கிடைக்கவில்லை. வியாழக்கிழமைதான் வட்டத்துக்குள் கால் வைத்தார்.

“சார், நாளையோட லைசென்ஸ் முடியுது. முப்பத்திரண்டு பிள்ளைங்க சார். லைசென்ஸ் இல்லேன்னா வண்டியை வேற ஆளுக்குக் கொடுத்துருவோம்னு ஸ்கூல்ல…” என்பதற்குள் மூன்று எட்டு முடிந்துவிட்டது. மீதியை அடுத்த சுற்றில் சொன்னார். “…சொல்லிட்டாங்க. ஒன்பது வருஷமா ஓட்டறேன் சார். அந்தப் பிள்ளைங்க வேற யார்…”

அன்று மூன்று சுற்று வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை அலுவலகம் திறப்பதற்கு முன்பே வந்து உள்ளே நுழைந்துவிட்டார். மிச்சம் கைரேகை மட்டும்தான். ஆனால் எங்கள் கைரேகை மெஷினுக்கு ஐந்து விநாடி வேண்டும். மூன்று எட்டுக்கு நான்கு விநாடிதான் ஆகும். முழங்கால் வலி உள்ளவர்கள் தப்பித்தார்கள். வேகமாக நடந்து பழகிய அந்த அம்மா விரலை வைப்பதற்கும் மெஷின் விழிப்பதற்கும் பின்னால் வருகிறவர் தள்ளுவதற்கும் சரியாக இருந்தது. ஏழு சுற்று முயன்றார். எட்டாவது சுற்றில் என் ஜன்னலுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

இருநூறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். காவலர் விசிலடித்துக்கொண்டே ஓடி வந்தார்.

“நிக்காதீங்கம்மா!”

“நின்னா என்ன?”

“நின்னா வரிசை ஆயிடும்மா!”

“இதுக்கு எல்லாம் யாருங்க பொறுப்பு?”

காவலர் மேலே கையைக் காட்டினார். அந்த அம்மா படியேறினார். குரலில் இருந்த வேகத்தைப் பார்த்து, இருந்த ஒரே கவுன்ட்டரையும் மூடிவிட்டு நான் பின்னாலேயே போனேன்.

மேலே சுவர் முழுக்க ஒட்டுச்சீட்டுகள். தொண்ணூற்றெட்டு. மாதம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. நூறு தேறாவிட்டால் அறிக்கை செல்லாது. பெரிய சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பசை வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க, நாலு கவுன்ட்டரையும் திறந்து ஆளை உட்காரவெச்சா என்னங்க?” என்றார் அந்த அம்மா. கத்த நினைத்தவர் கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார்.

பயிற்சியாளர் மெல்ல எழுந்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னார்.

“சார்!” பயிற்சியாளர் பெரிய சார் பக்கம் திரும்பினார். “என்ன துணிச்சல் பார்த்தீங்களா! பிரச்சினைக்குள்ளேயே தீர்வைத் தேடுற கோணம்! நம்ம யாருக்குமே தோணலையே!”

எனக்குப் பொறுக்கவில்லை. “சார், அதைத்தான் நான் முதல் நாளே சொன்னேன்.”

“நீங்க சொன்னது முதல் பதில். இது தொண்ணூற்றொன்பதாவது” என்றார் அவர் பொறுமையாக. “ரெண்டும் ஒண்ணா? நீங்க யோசிக்காம சொன்னீங்க. இவங்க எட்டுச் சுத்து நடந்து யோசிச்சிருக்காங்க.”

நூறாவதாக, கவுன்ட்டரில் உட்காருகிறவர்கள் வேலையும் செய்யலாம் என்று அக்கா சொன்னார். அதுவும் புதுமையாக இருந்ததால் ஏற்கப்பட்டது.

அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. போட்டோ எடுத்தார்கள். கைரேகை மெஷினைக் கழற்றி மேலே கொண்டு வரச் சொன்னார் பெரிய சார். அந்த அம்மா ஐந்து விநாடி விரலை வைத்தார். ஐந்து நிமிஷத்தில் உரிமம் கைக்கு வந்துவிட்டது. அந்த அட்டையை முந்தானையால் இரண்டு தரம் துடைத்தார், அதில் தூசு எதுவும் இல்லாவிட்டாலும். கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகளை ஏற்றுகிற நேரம். படிகளில் ஓடினார்.

திங்கட்கிழமை ஒரு மெக்கானிக் வந்து நான்காவது கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு வயரைச் செருகினார். அது வேலை செய்தது. நான்காவதில் பெரிய சாரே உட்கார, நான்கு கவுன்ட்டரும் திறந்தன. சுண்ணாம்பு வட்டத்தை அழித்தார்கள். புதன்கிழமைக்குள் வரிசை கரைந்துவிட்டது. வியாழன் காலை பதினொன்றரைக்கு என் எதிரில் ஒருவருமில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எதிர்ச்சுவரின் நிறம் பச்சை என்று தெரிந்துகொண்டேன். மனதுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. முதல் பத்தி பாராட்டு. இரண்டாவது பத்தி: “நாளின் பணி நண்பகலுக்குள் நிறைவுறுவதால், மேற்படி அலுவலகத்தில் பணியாளர் மிகை இருப்பது தெளிவாகிறது. எனவே பணிமூப்பில் கடைசியாக உள்ள ஒருவரைத் தொலைதூரக் கிளைக்கு மாற்ற ஆவன செய்யப்படுகிறது.”

கடைசியாக உள்ளவன் நான்.

அன்று சாயங்காலம் வாசலில் ஒரே கூச்சல். தபால்காரரும் அவர் கூட்டாளிகளும் ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ‘எங்கள் வட்டம் எங்கே?’ கவுன்ட்டர்களை மூடி வட்டத்தை மீண்டும் கொண்டுவரக் கோரி ஒரு மனுவும் இருந்தது. கையெழுத்து வாங்க மரத்தடியில் ஒரே ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அந்த மேஜைக்கு முன்னால் தொடங்கிய வரிசை தெருமுனை திரும்பியும் தெரிந்தது.

நான் முன்னும் பின்னும் பார்த்தேன். எனக்கும் வீடு இருக்கிறது, படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், தொலைதூரக் கிளை எவ்வளவு தொலைவு என்று எனக்குத் தெரியும். முகத்தைக் கைக்குட்டையால் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டு, போய்க் கடைசியில் நின்றேன்.

பக்கத்தில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே முப்பத்திரண்டு வாயும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. வேன் டிரைவர் அம்மா கண்ணாடியை இறக்கினார்.

“என்ன சார், நீங்களுமா?”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க அவ்வளவு பாடுபட்டுத் திறக்கவெச்ச கவுன்ட்டர். நானே மூடச் சொல்லி…”

“அட, நீங்க வேற சார்!” என்றார் அவர். “அந்த மனுவுல முதல் கையெழுத்தே என்னுதுதான். என் மாமியார் அந்த வட்டத்துல தினம் ரெண்டு மணி நேரம் நடந்துட்டு வருவாங்க. வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா?”