பூட்டி வைத்த மைக்ராஸ்கோப்

கஞ்சத்தனம் காசில் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது ஒரு மைக்ராஸ்கோப்பின் மேல் வந்தது.

அறுபதுகளில் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். இருபத்திரண்டு வயது. (ஒடுகத்தூரில் எங்கள் தெருவுக்கே முதல் பி.எஸ்ஸி. என்றால் சும்மாவா?) கிராமத்துப் பிள்ளைகளும் அறிவியல் படிக்கட்டும் என்று சர்க்கார் ஒரு மைக்ராஸ்கோப் அனுப்பியது. மரப்பெட்டிக்குள் பித்தளை மின்ன அது வந்து இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், பூட்டு வாங்கியதுதான்.

நான் படித்த கல்லூரியில் பன்னிரண்டு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அந்த ஏக்கத்தில், சாயங்காலம் பிள்ளைகள் போனதும் பெட்டியைத் திறந்து, சாமை இலையில் விழும் புள்ளிநோயைத் தனியாகப் பார்ப்பேன், நோட்டில் வரைவேன். மெட்ராஸ் போய் அதையே ஆராய்ச்சி செய்ய ஆசை. அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பமும் போட்டிருந்தேன்.

அதற்குப் பரிந்துரைக்க வேண்டிய அதிகாரியே ஒருநாள் பள்ளியைப் பார்வையிட மலையேறி வந்தார். நோட்டைப் புரட்டி, "ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கீங்கம்மா" என்றார். நான் பாதி மெட்ராஸ் போய்விட்டேன். பிறகு வகுப்புக்குள் வந்து, முன்வரிசையில் இருந்த வள்ளியைக் கேட்டார்.

"மைக்ராஸ்கோப்புல என்னம்மா பாத்தீங்க?"

வள்ளி எழுந்து யோசித்தாள். "பொட்டி பாத்தோம் சார்."

"பெட்டிக்குள்ள?"

"தெரியாது சார். டீச்சர் தொடக் கூடாதுன்னாங்க. தூர நின்னு பாத்துட்டுப் போய்ட்டோம்."

தலைமையாசிரியர் இருமினார். திறந்து காட்டலாம் என்றால் சாவியைக் காணோம். "முந்தானைல முடிஞ்சிருக்கீங்க டீச்சர்" என்று அதையும் வள்ளிதான் சொன்னாள்.

அதிகாரி தன் அறிக்கையில், 'கருவி புத்தம்புதிதாகவே இருக்கிறது' என்று எழுதிவிட்டு பஸ் ஏறினார். உதவித்தொகை வரவில்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்து வெங்காயத் தோலை வைத்தேன். முதல் ஆள் வள்ளி. "இன்னா டீச்சர் இது, வூடு வூடா கட்டி வெச்சிருக்கு?" என்றாள். அன்றைக்குத்தான் நான் டீச்சர் ஆனேன்.

இன்றும் நான் புதுப்புடவையை பீரோவில் வைத்துப் பூட்டினால், என் வீட்டுக்காரர் "பொட்டி பாத்தாச்சா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

என் மகள் ஆராய்ச்சி செய்த கூடத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். அங்கே ஆளுக்கொரு மைக்ராஸ்கோப். "பாக்கறியாம்மா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் நான் எழுந்திருக்கவில்லை.