தயிர்க்கா கேட்ட ஒரு கரண்டி

கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்காகக் கண்ணுக்குத் தெரிந்த மனிதர்கள் அத்தனை பேரிடமும் சண்டை போட்டவர், ஓசூரிலேயே எங்கள் தயிர்க்கா ஒருவர்தான். பாகலூர் சாலையில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் ஹாஸ்டலில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். எனக்கும் அவருக்கும் ஒரே அறை, ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி.

கம்பெனியில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. ஒரு தூசி உள்ளே நுழையக் கூடாது. பகலெல்லாம் அப்படி வேலை பார்த்துவிட்டு, ஹாஸ்டலுக்கு வந்ததும் அக்கா தயிரிலும் பழைய சோற்றிலும் கிருமி வளர்க்க உட்கார்ந்துவிடுவார்.

"அதுங்க நல்ல கிருமிடி. குடல்ல அதுங்க நல்லா இருந்தாத்தான், நோய் வந்தா உடம்பு எதிர்த்து நிக்கும்" என்பார். எல்லாம் செல்போன் வீடியோவில் படித்த படிப்பு.

காலையில் நாங்கள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது பழைய சோற்றுத் தண்ணீரோடு வாசலை மறித்து நிற்பார். "பேடா அக்கா" என்பாள் கன்னடக்கார சுமா. "வத்து அக்கா" என்பாள் தெலுங்குக்கார லட்சுமி. அதையே நான் தமிழில் "வேண்டாம்" என்பேன். அக்காவுக்கு மூன்று மொழியும் தண்ணீர் பட்ட பாடு. அந்த ஒரு சொல் மட்டும் எந்த மொழியிலும் புரியாது. டம்ளரைக் காலி செய்த பிறகுதான் கம்பெனி பஸ்.

ஓசூர்க் குளிரில் தயிர் லேசில் உறையாது. மார்கழியில் தன் ஸ்வெட்டரைக் கழற்றித் தயிர்ப் பாத்திரத்துக்குப் போர்த்திவிட்டு, பல் கிடுகிடுக்க பஸ்ஸுக்கு நிற்பார். "உனக்குக் குளிரலையாக்கா?" என்றால், "நான் நாலு எட்டு நடந்து சூடாக்கிப்பேன். அதுங்களால நடக்க முடியுமா?" என்பார்.

ஒருமுறை கேன்டீனில் பாக்கெட் மோர் கொடுத்தார்கள். அக்கா அதைத் தூக்கிப் பிடித்து, "இந்த மோருக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டார். கேன்டீன்காரர் பதறிவிட்டார். "ஐயோ மேடம், சுத்த வெஜ்!"

அப்படிப்பட்டவருக்குத்தான் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. கை காலில் நீலத் திட்டுகள் தெரிந்தன. மோரையும் கூழையும் கூட்டிக்கொண்டே போனார், காய்ச்சல் அசையவில்லை. கடைசியில் பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

சிகிச்சையில் வெள்ளை அணுக்கள் ஒரேயடியாக இறங்கிவிட்டன. டாக்டர் சொன்னார்: "தயிர், பழைய சோறு எதுவும் வேண்டாம். நல்லா இருக்கறவங்களுக்கு அது நல்லதுதான். இப்ப உங்க உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லம்மா. நல்ல கிருமிகூட ரத்தத்துல கலந்தா ஆபத்து."

"அதுங்க என்னை ஒண்ணும் பண்ணாது சார்" என்றார் அக்கா. வாதாடுகிற குரலாக இல்லை, கெஞ்சுகிற குரலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அவருக்கு வாயெல்லாம் புண். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு கரண்டி தயிர் கொண்டாடி. வாய் எரியுது."

"முடியாதுக்கா."

"உனக்கு நான் எவ்ளோ ஊத்திக் குடுத்திருப்பேன்?"

"நீ எழுந்து வா. பானையோட தர்றேன்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கிளம்பும்போது, திரும்பாமலே கேட்டார்: "அங்க பாலுக்கு யாருடி உறை ஊத்தறது?"

"சுமா."

"அவ கொதிக்கக் கொதிக்க ஊத்திக் கொன்னுடுவா. கை பொறுக்கிற சூட்டுல ஊத்தச் சொல்லு."

அந்த வாரமே போய்விட்டார்.

துணிமணியை எடுத்துப் போக அவருடைய அம்மா வந்திருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர், ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"எம்பொண்ணு உங்களையெல்லாம் ரொம்பத் தொல்லை பண்ணாளாமே, நெசமா?"

"நெசந்தாம்மா" என்றேன். "அந்தத் தொல்லைக்காகத்தான் நாங்க யாரும் வேற ஹாஸ்டலுக்குப் போகல."