உலர்நிலையில் வெண்மை

குடிமக்கள் கண்டதையும் முகத்தில் பூசிக்கொள்கிறார்களே என்ற கவலை அரசுக்கு வந்ததன் விளைவாக, சென்ற சித்திரையில் சேலத்தில் முகப்பொலிவுப் பொருள் ஒழுங்குமுறைப் பிரிவு என்றோர் அலுவலகம் திறக்கப்பட்டது. கவலை வந்த வேகத்தில் கட்டடம் வரவில்லை. ஆகவே, ஜவ்வரிசிக்குத் தரச்சான்று கொடுத்துவந்த ஆய்வுக்கூடம் வேறிடம் மாறியபோது, அது விட்டுச்சென்ற அறைகளில் பிரிவு குடியேறியது. அறைகளோடு மூன்று மேசைகள், ஓர் இரும்பு அலமாரி, தனசேகர் என்ற எழுத்தர், ஒரு வெண்மைமானி ஆகியவையும் பிரிவின் உடைமையாயின. வெண்மைமானி என்பது ஜவ்வரிசி எவ்வளவு வெள்ளை என்பதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் கருவி. எழுபத்தெட்டும் அதற்கு மேலும் முதல் ரகம்.

மல்லசமுத்திரத்து ஜெயப்பிரியா அந்த அலுவலகத்தின் முதல் விண்ணப்பதாரர். உயிர்வேதியியல் படித்தவள். நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலையின் ஆய்வகத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு, அந்த வேலையை உதறினாள். மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கின் மாவில் ஒரு பூஞ்சணத்தை வளர்த்து, நொதிக்கவைத்து, அதிலிருந்து கோஜிக் அமிலம் பிரித்து, ஒரு களிம்பு செய்தாள். வெயிலில் வேலை செய்யும் பெண்களின் கன்னத்தில் கருந்திட்டாகப் படர்கிற மங்கு அதனால் மெல்லக் குறையும். டப்பாவின் மேலும் அவ்வளவுதான் எழுதியிருந்தாள்: 'மங்கு குறையும். நிறம் மாறாது.' உண்மையை இவ்வளவு சுருக்கமாக எழுதும் ஒருவர் வியாபாரத்தில் என்ன ஆவார் என்று யாரும் அவளை எச்சரிக்கவில்லை.

முந்நூறு டப்பா தயாராக இருந்தது. உரிமம் இல்லாமல் ஒன்றையும் விற்க முடியாது. விற்காமல் வைத்திருக்கவும் முடியாது; கோஜிக் அமிலம் நாளாக ஆகப் பழுப்பேறும் பொருள். கார்த்திகை தாண்டினால் முந்நூறும் குப்பைக்குத்தான், அவளும் தீவன ஆலைக்குத்தான்.

உதவி இயக்குநர் மதியழகன் விண்ணப்பத்தை இருமுறை படித்தார்.

"பூஞ்சணம்னு எழுதியிருக்கீங்க. எங்க வீட்டு ஊறுகாயில பூஞ்சணம் வந்தா கொட்டிடுவோம்."

"இட்லி மாவு புளிச்சாலும் கொட்டிருவீங்களா சார்?"

"அது உணவு. அதுக்கு வேற துறை." அவர் பக்கத்தைத் திருப்பினார். "நிறம் மாறாதுன்னா, அப்புறம் எதுக்கும்மா இது?"

"மங்கு போகறதுக்குங்க."

"மங்கு எவ்வளவு போகும்? எண்ணில் சொல்லணும். எண் இல்லாத கோப்பை நான் மேலே அனுப்ப முடியாது."

எண்ணுக்காக ஜெயப்பிரியா மாரக்காளை அழைத்துவந்தாள். மாரக்காள் ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு உரிப்பவள். இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கு. தோலை அளக்கப் பிரிவிடம் கருவி ஏதும் இல்லை. வெண்மையை அளக்க இருந்தது. தனசேகர் அதன் கையேட்டைப் பிரித்து உரக்கப் படித்தார்: "மாதிரியைப் பொடி செய்து கிண்ணத்தில் நிரப்புக. பொடி செய்ய இயலாதவற்றைக் கருவியின் மீது அழுத்திப் பிடிக்க."

மாரக்காளின் கன்னம் அழுத்திப் பிடிக்கப்பட்டது. மங்கு இருந்த இடம் முப்பத்தொன்பது. மறு கன்னம் நாற்பத்து மூன்று. கருவி தன் வழக்கப்படி ஒரு சீட்டையும் அச்சிட்டுத் தந்தது: மூன்றாம் ரகம். மனித உணவுக்கு ஏற்றதன்று. கால்நடைத் தீவனத்துக்குப் பரிந்துரைக்கலாம்.

தனசேகர் அதைப் படித்துக் காட்டியதும் மாரக்காள் சற்று யோசித்தாள்.

"என்னைய ஆருங்க சாமி திங்கப் போறாங்க?"

"அது பொதுவான வாசகம்மா. மனசுல வெச்சுக்காதீங்க."

சீட்டு கோப்பில் சேர்ந்தது. மாதிரி டப்பாவைத் தனசேகர் ஆய்வுக்காகத் திறந்து அலமாரியில் வைத்தார். திறக்க உத்தரவு இருந்தது. மூடச் சொல்லி உத்தரவு இல்லை. ஒரே மாதத்தில் களிம்பு பழுப்பாகிவிட, ஜெயப்பிரியாவுக்குக் குறிப்பாணை போனது: முகத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறப்படும் பொருள் தானே கறுத்தமைக்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்குமாறு. வெளுக்கச் செய்யும் என்று தான் எங்குமே கூறவில்லை, காற்றுப் பட்டால் நிறம் மாறுவது இதன் இயல்பு, தயவுசெய்து டப்பாவை மூடவும் என்று அவள் பதில் எழுதினாள். மதியழகன் அவளை நேரில் அழைத்து, தணிந்த குரலில் ஓர் ஆலோசனை சொன்னார்.

"உங்க களிம்பையே அது மேல கொஞ்சம் பூசிப் பார்க்கலாமே?"

இரண்டு மாதம் பூசியபின் மாரக்காள் மறுபடி அளக்கப்பட்டாள். இரு கன்னமும் நாற்பத்து மூன்று.

"பாருங்க சார், ரெண்டும் ஒண்ணாயிருச்சு. மங்கே இல்லை" என்றாள் ஜெயப்பிரியா.

"ஆமாங்க சாமி. முன்னெல்லாம் எங்கூட்டுக்காரரு, மூஞ்சியைக் கழுவீட்டு வா, கழுவீட்டு வான்னு உசிரை எடுப்பாரு. இப்ப ரெண்டு மாசமா வாயே தொறக்கறதில்லீங்க" என்று மாரக்காளும் சாட்சியம் அளித்தாள்.

மதியழகனின் பார்வை சீட்டிலேயே இருந்தது. "எழுபத்தெட்டு வரலையே. இப்பவும் மூன்றாம் ரகம்தானே?"

கருவியில் கோளாறோ என்ற ஐயம் எழுந்தது. ஒரு பிடி ஜவ்வரிசி வைத்துப் பார்த்தார்கள்; எண்பத்தொன்று. கோளாறு இல்லை. மதியழகன் தம் கன்னத்தை வைத்துப் பார்த்தார், முப்பத்தொன்பது. தனசேகர் வைத்தார், நாற்பத்து நான்கு. எழுத்தர் அதிகாரியைவிட ஐந்து புள்ளி வெளுப்பாக இருப்பது அலுவலக நடைமுறைக்கு உகந்ததாக இல்லை.

இருபது வருடம் ஜவ்வரிசி பார்த்த தனசேகர்தான் வழி கண்டார். "ஈரம்தானுங்க சார் காரணம். ஈர ஜவ்வரிசி எப்பவும் மங்கலாத்தான் காட்டும். காயவெச்சுத்தான் அளக்கணும். மனுசன் பாதிக்கு மேல தண்ணிங்களே."

"காயவைக்க முடியாதே, தனசேகர்."

"கணக்குல காயவெச்சுக்கலாமுங்க."

பாதி ஈரம் என்று கொண்டு எல்லா அளவும் இரண்டால் பெருக்கப்பட்டது. அதிகாரி எழுபத்தெட்டு. முதல் ரகம். எழுத்தருக்கு எண்பத்தெட்டு வந்தது. ஆயினும் அவர் தினமும் வெயிலில் நடந்து வருபவர், ஈரம் குறைந்தவர் என்று முடிவு செய்யப்பட்டு, அவர் மனமுவந்து எழுபத்தேழை ஏற்றுக்கொண்டார். மாரக்காளுக்கு 'உலர்நிலையில் வெண்மை: 86' என்று முத்திரையிட்ட சான்றிதழ் கிடைத்தது.

"உலர்நிலைன்னா என்னங்க அம்மிணி?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"உங்களைக் காயவெச்சா அவ்வளவு வெள்ளையா இருப்பீங்களாம்."

"கருவாடாப் போனா வெள்ளையாயிருவனாக்கும்" என்றாள் மாரக்காள். ஆனால் சான்றிதழை மடிக்காமல்தான் கொண்டுபோனாள்.

அதை அவள் ஊரில் நாலு பேர் பார்த்தார்கள். நாற்பது பேர் சேலத்துக்கு பஸ் ஏறினார்கள். ஆவணிக்குள் கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு எண்ணையும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். திருச்செங்கோட்டில் ஒரு ஜவுளிக்கடை எண்பதுக்கு மேல் வாங்கிய பணியாளர்களை மட்டும் கல்லாவுக்கு முன்னால் நிறுத்தியது. பரமத்தி வேலூரில் ஒரு மாப்பிள்ளை வீட்டார், பெண் எண்பத்து மூன்று, பையன் எழுபத்தொன்பது என்று தெரிந்ததும், நான்கு புள்ளிக்கு ஈடாக ஒரு வெற்றிலைக் கொடிக்காலை எழுதிவைத்துச் சமாதானம் செய்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் மணமக்களுக்கென்று பிரிவு ஒதுக்கியது. வரிசையில் நின்றவர்கள் அளக்குமுன் தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்பதில் இரு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். எவர் நிறமும் இம்மியும் மாறவில்லை. ஆனால் சான்றிதழோடு திரும்பியவரை எதிரில் கண்டவர்கள், "ஏனுங்க, கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கறீங்களே" என்று விசாரித்தார்கள்.

புரட்டாசியில் ஜெயப்பிரியாவுக்கு ஆணை வந்தது. 'பயனாளி திருமதி மாரக்காள், மேற்படி களிம்பைப் பூசுவதற்கு முன்னரே, மங்கு இருந்த இடத்திலும் உலர்நிலையில் எழுபத்தெட்டு பெற்று முதல் ரகமாக இருந்துள்ளார் என்பது மறுகணக்கீட்டில் தெரியவருகிறது. மேலும், வெண்மையை அரசே பொதுமக்களுக்கு நேரடியாக வழங்கிவரும் நிலையில், தனியார் களிம்புக்குத் தேவை எழவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

ஆணை வந்த அன்று பிற்பகலே அவள் சேலம் போனாள். மேல்முறையீட்டு மனுவை வாங்கிய தனசேகர் அதைத் திருப்பி நீட்டினார்.

"உங்க சான்றிதழை இணைக்கலீங்களே அம்மிணி. வெண்மை விவகாரத்துல முதல் ரகத்துக்காரங்க மனுவைத்தான் இப்ப எடுக்கறது."

"இந்த மெஷின் ஜவ்வரிசிக்கு உண்டானது. இந்தக் கணக்கு எதுக்குமே உண்டானதில்லை. உங்களுக்கே தெரியுமுங்களே?"

"தெரியுமுங்க. கன்னத்தை வைங்க."

முப்பத்தேழு. இரண்டால் பெருக்கினால் எழுபத்து நான்கு, இரண்டாம் ரகம். தனசேகர் பேனாவைத் திறந்தபடி அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஈரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கலாமுங்களா?"

ஜெயப்பிரியா ஊரில் தட்டில் அடுக்கியிருந்த முந்நூறு டப்பாவையும், அவற்றின் உள்ளே ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருந்ததையும் நினைத்தாள்.

"போடுங்க."

எண்பத்து நான்கு. மனு ஏற்கப்பட்டது, விசாரணை மார்கழி பதினேழாம் தேதி என்று முத்திரை விழுந்தது.

"கார்த்திகையிலயே எல்லாம் கெட்டுப்போயிருமுங்க" என்றாள்.

"அதையும் மனுவுல எழுதியிருக்கீங்க. மார்கழியில கட்டாயம் பரிசீலிப்பாங்க" என்றார் தனசேகர்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. முன் இருக்கையில் மடியில் பூக்கூடையுடன் இருந்த பெண், அவள் கையிலிருந்த உறையைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஆபீசுக்குப் போயிட்டு வாரீங்களா? எவ்வளவுங்க வந்துச்சு?"

கோஜிக் அமிலத்தைப் பற்றியும், வெண்மைமானியைப் பற்றியும், ஈரக் கணக்கின் மடத்தனத்தைப் பற்றியும் அந்தப் பெண்ணுக்கு விளக்க ஜெயப்பிரியாவிடம் ஒன்றரை மணி நேரப் பயணம் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"எண்பத்து நாலுங்க."

"பார்த்தாலே தெரியுதுங்களே" என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள். "அப்புறம் ஏனுங்க வெயில் பக்கம் உக்காந்திருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நகர்ந்தாள்.

ஜெயப்பிரியா உறையைக் கைப்பையில் பத்திரப்படுத்திவிட்டு எழுந்து, நிழல் விழும் பக்கத்துக்குப் போனாள். அங்கே இடம் இல்லை. இருவர் இருக்கையில் மூவராக உட்கார்ந்திருந்தார்கள். மிஞ்சியவர்கள் ஒருவரையொருவர் ஒட்டி நின்றார்கள். வெயில் பக்கத்து இருக்கைகள் கடைசி வரிசை வரை காலியாகக் கிடந்தன. எல்லாரும் ஒரே பக்கம் நின்றால் வண்டி எப்படிப் போகும் என்று நடத்துநர் கேட்டார். அவரும் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். பஸ் சாய்ந்தபடியே மல்லசமுத்திரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.